கையில் வாளி இல்லாத ஆள்

நீங்கள் கேட்டது இது: பன்னிரண்டு வருஷமாக மசாலா, சோப்பு, எண்ணெய் பாக்கெட்டுகள் வடிவமைக்கிறீர்கள். கொஞ்ச நாளாக எதை வரைந்தாலும் ஏற்கெனவே வரைந்தது போலவே வருகிறது. "பழகின வேலையை விட்டுக் கொஞ்சம் வெளியே போய்ப் பாருங்கள், புது யோசனை வரும்" என்கிறார்கள். இது உண்மையா, சும்மா சொல்வதா? உண்மையென்றால் எங்கே போவது?

உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். வெளியே போனதால் மட்டும் யோசனை வந்துவிடாது. நானே போய்ப் பார்த்திருக்கிறேன். சில வருஷம் முன்பு எங்கள் அலுவலகத்தில் இருபது பேரை ஒரு சனிக்கிழமை மண்பாண்டப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். சக்கரத்தில் மண்ணை வைத்து ஆளுக்கொரு கோணல் கிண்ணம் செய்தோம், போட்டோ எடுத்தோம், பிரியாணி சாப்பிட்டோம். திங்கட்கிழமை அதே மீட்டிங், அதே ஆட்கள், அதே பேச்சு. அந்தக் கிண்ணத்தில் இப்போது என் மகள் ரப்பரும் ஷார்ப்னரும் போட்டு வைத்திருக்கிறாள். நல்ல நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஓய்வு. நீங்கள் கேட்பது வேறு.

எனக்கு உருப்படியாக ஒன்று கிடைத்தது ஒரு கல்யாணச் சமையல்கட்டில்.

நான் பதினெட்டு வருஷமாக வங்கிகளுக்கான பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதுகிறவன். புதுப் பதிப்பை வெளியிடும் ராத்திரிதான் எங்களுக்குத் தலைவலி. ஒருமுறை அப்படி வெளியிட்டோம். கண்காணிக்கும் எல்லாத் திரையிலும் பச்சை, அதாவது கோளாறு ஒன்றுமில்லை. வாடிக்கையாளர்களுக்கோ ஓடிபி போய்ச் சேரவில்லை. சர்வர் பார்ப்பவர் "என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்றார். டேட்டாபேஸ் பார்ப்பவரும் அதையே சொன்னார். குறுஞ்செய்திப் பகுதிக்காரர் "நான் அனுப்பிட்டேனே" என்றார். மூன்று பேரும் சொன்னது நிஜம். அப்படியும் நாற்பது நிமிஷம் ஜனங்கள் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள். மறுநாள் கூடிப் பேசி, இன்னும் இரண்டு திரைகளை மாட்டுவது என்று முடிவு செய்தோம். திரை போதவில்லை என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே விளக்கம்.

அந்த முள் காலில் இருக்கும்போதே என் பெரியம்மா மகன் கூப்பிட்டார். கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு முகூர்த்தம், எழுநூறு இலை, ஆள் குறைகிறது, வந்து நில் என்றார். (அவர்கள் 'பேர்' என்று எண்ணுவதில்லை. "எத்தனை இலை?" என்பதுதான் கேள்வி.) முதல் நாள் ராத்திரி காய் நறுக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். நான் நறுக்கிய வாழைக்காயைப் பார்த்த ஓர் அம்மா ஒன்றும் சொல்லாமல் என் முன்னாலிருந்த குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆபீஸில் முப்பது பேருக்கு மேலே இருக்கிறவன் நான்.

மறுநாள் மதியப் பந்தியில் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார்கள். வரிசையில் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே போனேன். ஒரு பெரியவர் கையை மறைத்து வேண்டாம் என்றார். தாண்டிப் போனேன். வரிசை முடிவில் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அறுபது வயதுக்கு மேலிருக்கும்.

"தம்பி, அந்தப் பெரியவர் இலையைப் பாத்தியா?"

"பாத்தேன் மாஸ்டர். சாம்பார் வேணாம்னார்."

"சோறே இல்லாத இலைக்கு சாம்பார் எதுக்குப்பா வேணும்பாரு?"

திரும்பிப் பார்த்தேன். கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் இருந்தன. சோறு இல்லை. சோற்றுக்காரர் எப்படியோ அந்த ஓர் இலையைத் தாண்டிவிட்டார். அவருக்குப் பின்னால் போன நான்கு பேரும், என்னையும் சேர்த்து, அவரவர் வாளியில் இருந்ததை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறோம்.

அதற்குள் ஒருவர் அந்தப் பெரியவரிடம் குனிந்து ஏதோ கேட்டு, கையை உயர்த்தி, சோற்றுக்காரரை வரவழைத்துவிட்டார். தோளில் துண்டு, கையில் ஒன்றுமில்லை. பந்தி விசாரிக்கிறவர். சிறு வயதிலிருந்து நூறு கல்யாணத்தில் பார்த்த ஆள்தான் அது. உபசாரத்துக்காக நடக்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் மாஸ்டரிடம் கேட்டேன்: அவருக்கும் ஒரு வாளியைக் கொடுத்தால் ஓர் ஆள் மிச்சம் இல்லையா? "கையில வாளி இருந்தா, வாளியில என்ன இருக்கோ அது யாருக்கு வேணும்னுதான் கண்ணு தேடும்" என்றார். சொல்லிவிட்டு அண்டாவைக் கவிழ்க்கப் போய்விட்டார்.

அடுத்த வெளியீட்டு ராத்திரியில் ஒருவருக்கு எந்தத் திரையும் கொடுக்கவில்லை. கடையில் வாங்கிய சாதாரண போன் ஒன்று, அதில் சாதாரணக் கணக்கு ஒன்று. பத்து ரூபாய் அனுப்பு, வாங்கு, ரசீதைப் பார், திரும்ப அனுப்பு. எது கோணலாகத் தெரிந்தாலும் யாரையும் கேட்காமல் "நிறுத்து" என்று சொல்ல அவருக்கு அதிகாரம். மூன்றாவது வெளியீட்டில் ரசீதில் மறுநாள் தேதி விழுவதை நாலாவது நிமிஷத்தில் பிடித்தார். திரைகள் அப்போதும் பச்சைதான். இப்போது எங்கள் குழுவில் அந்தப் பொறுப்புக்கே 'பந்தி' என்று பெயர். "இன்னிக்கு யாருங்க பந்தி?" என்று வடநாட்டுப் பையன்கள்கூடக் கேட்கிறார்கள்.

இதையே சொல்லும் கட்டுரைகள் எங்கள் துறையிலும் உண்டு, நானே படித்தும் இருப்பேன். மண்டையில் ஏறியது வெறும் இலையைத் தாண்டிப் போன பிறகுதான்.

என் கதை சின்னது. இதே போன்ற ஒன்று பெரிய அளவில், அளந்து பார்த்து, லண்டனில் நடந்திருக்கிறது. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவை முடிந்த குழந்தையை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் சில நிமிஷங்கள்தான் ஆபத்தானவை. வென்டிலேட்டர், மானிட்டர் வயர்கள், மருந்து ஏற்றும் பம்புகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கழற்றி இன்னோரிடத்தில் மாட்ட வேண்டும். அதே நேரத்தில் குழந்தைக்கு என்ன செய்யப்பட்டது என்பதை ஒரு குழு இன்னொரு குழுவுக்குச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து களைத்துப்போய் டிவி முன்னால் உட்கார்ந்த இரண்டு மருத்துவர்கள், மார்ட்டின் எலியட்டும் ஆலன் கோல்ட்மனும், ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் பார்த்தார்கள். கார் வந்து நிற்கிறது, இருபது பேர் பாய்கிறார்கள், சில விநாடியில் டயர் மாறி, பெட்ரோல் நிரம்பி, கார் போய்விடுகிறது. நாம் செய்வதும் இதுதானே என்று அவர்களுக்குத் தோன்றியது.

தோன்றியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஃபெராரி குழுவிடம் போனார்கள். தங்கள் ஒப்படைப்பை வீடியோ எடுத்து அவர்களிடம் காட்டினார்கள். கார்க்காரர்கள் கேட்டதில் முக்கியமானது: இங்கே யார் பொறுப்பு? பந்தயத்தில் நீளக் கம்பில் பலகை பிடித்துக் காருக்கு முன்னால் ஒருவர் நிற்பார். லாலிபாப் மேன் என்பார்கள். (இப்போது அந்த இடத்துக்கு விளக்கு வந்துவிட்டது.) அவர் டயரைத் தொடமாட்டார். எல்லாம் முடிந்ததா என்று பார்த்துக் காரை விடுவது மட்டும்தான் அவர் வேலை. மருத்துவமனையில் அப்படி ஒருவர் இல்லை. அதற்கப்புறம் மயக்க மருத்துவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. முதலில் கருவிகளை மாட்டு, பிறகு பேசு, இரண்டையும் கலக்காதே என்று வரிசை வந்தது. 2007-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒரு ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. சொல்லாமல் விடுபட்ட தகவல்கள் 2.09-இலிருந்து 1.07-க்கு இறங்கின. வேகத்துக்குப் பெயர்போன ஆட்களிடம் போனவர்கள் கொண்டுவந்தது வேகத்தை அல்ல என்பது எனக்குப் பிடித்த விஷயம். நேரம் பெரிதாக மிச்சமாகவில்லை, 10.8 நிமிஷம் 9.4 ஆனது, அவ்வளவுதான்.

ஆக, எங்கே போவது என்ற கேள்விக்கு என் பதில்: பொருள் வேறாக இருக்க வேண்டும், சிக்கல் ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொரு டிசைன் ஸ்டுடியோவுக்குப் போனால் பொருளும் ஒன்றே, சிக்கலும் ஒன்றே. உங்களுக்குத் தெரிந்ததைத்தான் அவரும் கொஞ்சம் அழகாகச் செய்துகொண்டிருப்பார். மலையேறப் போனால் இரண்டுமே வேறு, உடம்புக்கு நல்லது. நடுவில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முதலில் உங்கள் சிக்கலை ஒரு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். "ஐடியா வரமாட்டேங்குது" என்பது சிக்கல் இல்லை, புலம்பல்.

சிக்கலோடு போனாலும் வேடிக்கை பார்த்தால் போதாது, கையை வைக்க வேண்டும். இதற்குப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெலின் கதையைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 1894 ஜூன் மாதம் பிரான்சின் லியோன் நகரத்தில் குடியரசுத் தலைவர் கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. வயிற்றைத் திறந்த மருத்துவர்களால் கிழிந்த குழாயை நம்பித் தைக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு உருப்படியான முறையே கிடையாது. அவர் இறந்துபோனார். அப்போது அதே ஊரில் பயிற்சியிலிருந்த காரெலுக்கு வயது 20. ரத்தக்குழாயை ஏன் தைக்க முடியாது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். மெல்லிய துணியில் மெல்லிய ஊசியால் தைப்பவர்கள் அங்கே இருந்தார்கள். காரெல் மதாம் லெருதியே என்ற பூத்தையல்காரப் பெண்மணியிடம் போய்த் தையல் கற்றுக்கொண்டார். மருத்துவம் படித்தவர், ஊசியில் நூல் கோப்பதிலிருந்து.

அவர் கண்டுபிடித்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வட்டமான குழாயின் வாயை அப்படியே தைக்கப் போனால் ஊசி எதிர்ப்பக்கச் சுவரையும் சேர்த்துக் குத்திவிடும், குழாய் குறுகிவிடும். காரெல் இரண்டு குழாய் வாய்களையும் பொருத்தி, சம தூரத்தில் மூன்று தையல் போட்டார். மூன்று நூல்களையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். அப்புறம் மூன்று நேர்க்கோடுகள்தான், விறைப்பான துணியைத் தைப்பது போலத் தைத்துவிடலாம். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி எம்பிராய்டரி போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1902-இல் இதை வெளியிட்டார், 1912-இல் நோபல் பரிசு. இன்றும் ரத்தக்குழாய் அறுவை படிப்பவர்கள் இதைக் கற்கிறார்கள். (பிற்காலத்தில் அவர் இனத்தூய்மை பற்றி எழுதியதெல்லாம் சகிக்க முடியாதது. ஊசியில் தெளிவாக இருந்த மனுஷன்.)

சரி, இருக்கிற தொழிலில் சேர்த்ததெல்லாம் வீணாகிவிடுமா, அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டுமா என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. இல்லை. ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது முப்பது வயதுகூட இருக்காது. படிகங்களை எக்ஸ்-கதிரில் ஆராய்கிறவர். சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் உயிரியல்காரர் இல்லை. ஆனால் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது, தோலின் பலமே கொலாஜன்தான். கங்காரு வால் தசைநார் வரைக்கும் தேடிப் பிடித்து, தனக்குத் தெரிந்த எக்ஸ்-கதிரை அதன்மேல் பாய்ச்சினார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அவர் சொன்ன பதில் மூன்று இழை முறுக்கு. அடுத்த வருஷமே அதைத் திருத்தி இன்னும் நெருக்கமாக்கினார். அந்த முறுக்கை வைத்துப் பெரிய இடங்களோடு தகராறும் வந்தது, அணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கலாம் என்று. அதைத் தீர்க்கப் போட்ட கணக்குதான் 1963-இல் வந்த 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்று எந்தப் புரதத்தின் அமைப்பை யார் சொன்னாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். இடம் புதிது, கையிலிருந்த கருவி பழையது. நீங்களும் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டா போகப் போகிறீர்கள்?

ரொம்ப தூரமும் போக வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, கணினியியலாளர் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் வாசலில் போடும் கோலத்தைப் பார்த்தார்கள். 1974-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, ஒரு சின்னக் கோலம் சில விதிகளால் பெரிய கோலமாக வளர்வதைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியது. அதை ஒட்டி ஓர் ஆராய்ச்சிக் கிளையே வளர்ந்தது. இங்கே உங்களைப் போன்ற டிசைனர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோலத்தைப் பார்த்துவிட்டு வந்து மசாலா பாக்கெட் ஓரத்தில் கோல பார்டர் போடுவது எளிது. கோயிலுக்குப் போய் வந்தால் கோபுரம் முளைக்கும், காஞ்சிபுரம் போய் வந்தால் அன்னப்பட்சி. உங்கள் தொழிலில் 'இன்ஸ்பிரேஷன்' என்று நடப்பதில் முக்கால்வாசி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிரோமணிகள் கோலத்தின் உருவத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அது வளரும் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். தோற்றத்தை எடுத்து வந்தால் அது ஒரு பாக்கெட்டுக்குக் காணும், அடுத்ததுக்கு மறுபடி பஸ் ஏற வேண்டும்.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் அனுப்பிய பத்து பாக்கெட் படங்களையும் பார்த்தேன். எனக்குத் தெரிகிற சிக்கல் இது: ஒரே கம்பெனியின் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, கறிமசாலா மூன்றும் ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டும், ஆனால் அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை எடுத்துவிடக் கூடாது. 'ஒரே மாதிரி, ஆனால் மாறிப்போகாமல்.' இதே சிக்கலோடு, தப்பினால் உயிர் போகும் என்ற நிலையில், தினமும் மாரடிக்கிறவர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார். மெடிக்கல் ஷாப்காரர். ஒரே கம்பெனி, ஒரே நீலப் பட்டை, பெயரில் இரண்டெழுத்து வித்தியாசம், 5 மில்லிகிராம் ஒன்று, 50 மில்லிகிராம் ஒன்று. டாக்டர் கிறுக்கிய சீட்டைப் பார்த்து அரை நிமிஷத்தில் சரியான அட்டையை எடுக்கிறார். எப்படி எடுக்கிறார்? பெயரையா, நிறத்தையா, இருக்கும் இடத்தையா, அட்டையின் பருமனையா? குழப்பும் இரண்டை வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறாரா? எதன்மேல் தானே மார்க்கரால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்? அந்த வட்டம் ஒவ்வொன்றும் உங்களைப் போல ஒரு டிசைனர் செய்யாமல் விட்ட வேலை.

தெரிந்த கடையாகப் பிடியுங்கள். மாசத்தில் நாலு சனிக்கிழமை, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை, கூட்ட நேரத்தில். மருந்தைத் தொட்டு எடுத்துக் கொடுக்க உங்களை விடமாட்டார், விடவும் கூடாது. பெட்டி பிரிப்பது, வந்த சரக்கை பில்லோடு ஒத்துப் பார்ப்பது, காலாவதித் தேதி பார்த்து ஒதுக்குவது, இதையெல்லாம் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். முதல் வாரம் நோட்டுப் புத்தகம் வேண்டாம். எழுத ஆரம்பித்தால் அவர் உங்களுக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் எழுதுங்கள், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மாஸ்டர் சொன்ன 'வாளி'யை நான் 'பொறுப்புப் பகிர்வு' என்று எழுதி வைத்திருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். இரண்டு வாரத்தில் ஒன்றும் தட்டாவிட்டால் பதறாதீர்கள், எனக்கே மாஸ்டர் சொன்னது ஆபீஸுக்குப் பொருந்தும் என்று தெரிய பத்து நாள் ஆயிற்று, அதுவும் பல் தேய்க்கும்போது. நாலு வாரமும் போய் ஒன்றுமில்லை என்றால் சிக்கலைத் தப்பாகச் சொல்லியிருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு எழுதுங்கள், மறுபடி பார்க்கலாம்.

ஒன்று மட்டும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்: கவுன்ட்டருக்கு உள்பக்கம் நிற்க இடம் வேண்டும் என்று. அவர் "வெளியே ஸ்டூல் போடறேன், உக்காருங்க சார்" என்பார், மரியாதைக்காக. உட்கார்ந்துவிடாதீர்கள்.